பழைய பிசி கேம்களைச் சுருக்கி இடத்தை மீட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2014-ல் வெளிவந்த டைட்டன்ஃபால் கணினியில் 48 ஜிபி பிடித்தது. அதில் 35 ஜிபி ஒலி மட்டுமே, அதுவும் கொஞ்சமும் சுருக்கப்படாத ஒலி. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒலியையும் விரித்துக்கொண்டிருந்தால் இரண்டு கோர் சிபியு திணறிப்போகும் என்று, உருவாக்கியவர்கள் தெரிந்தேதான் அப்படி விட்டார்கள். 2025 டிசம்பரில் ஹெல்டைவர்ஸ் 2 கேமின் பிசி பதிப்பு ஏறக்குறைய 154 ஜிபியிலிருந்து 23 ஜிபிக்கு இறங்கியது. ஹார்ட் டிஸ்க்கில் தேடும் நேரத்தைக் குறைக்க ஒரே தகவலைப் பல இடங்களில் திரும்பத் திரும்ப வைத்திருந்தார்கள், அதை நீக்கியதுதான் காரணம்.

இந்த இரண்டு உதாரணங்களும் காட்டுவது ஒன்றுதான்: ஒரு கேம் பெரிதாக இருப்பதற்குக் காரணம் கேமுக்குக் கேம் வேறு. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பது பயன் தராது. சில கேம்கள் பாதியாகும், சில 2 சதவீதம்கூடக் குறையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கை வைத்தால், எதுவும் உடையாமல், பல நேரங்களில் லோடிங்கும் வேகமாகி, இடம் திரும்பக் கிடைக்கும்.

இங்கே சொல்வது எல்லாம் விண்டோஸ் 10, 11 ஓடும் கணினிக்கு. டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். திஸ் பிசி திறந்து, டிரைவின்மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் ஃபைல் சிஸ்டம் என்ற வரியைப் பாருங்கள். எக்ஸ்ஃபேட் என்று இருந்தால் (வெளியே இணைக்கும் டிஸ்க்குகள் பல அப்படித்தான் வரும்) சுருக்கும் வேலை அங்கே நடக்காது. தகவலை வேறிடம் மாற்றிவிட்டு என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மேட் செய்த பிறகுதான் முடியும்.

முதலில் உள்ளே பாருங்கள்

கேம் வாங்கி நிறுவ உதவும் ஸ்டீம் செயலியில் கேமின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், பிரௌஸ் என்று போனால் கேமின் ஃபோல்டர் திறக்கும். ஃபைல்களை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டுமானால் விண்டிர்ஸ்டாட் போன்ற இலவசக் கருவி போதும். பெரிய பத்து ஃபைல்களின் வகையைப் பார்த்தாலே பாதி முடிவு கைக்கு வந்துவிடும்.

பிங்க் வகை வீடியோ, ஆக், எம்பி3 வகை ஒலி: இவை ஏற்கெனவே இறுகச் சுருக்கப்பட்டவை. இன்னொரு முறை சுருக்கினால் ஒன்றும் கிடைக்காது. குவேக் 3 கேமின் பிகே3 ஃபைல்களும் டூம் 3-ன் பிகே4 ஃபைல்களும் பெயர் மாற்றிய ஜிப் ஃபைல்கள்தான், அவையும் அப்படியே.

வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சின் என்ற கேம் மென்பொருளில் வந்த ஹாஃப் லைஃப் 2, போர்ட்டல் 2, லெஃப்ட் 4 டெட் 2 ஆகியவற்றின் விபிகே ஃபைல்கள் வெறும் பொதிகள். வால்வ் அவற்றைச் சுருக்காமல் அடுக்கி வைத்திருக்கிறது. இங்கே நல்ல அறுவடை உண்டு. போர்ட்டல் 2 சுமார் 12 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்குக் கீழே வந்துவிடும். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸின் ஐஎம்ஜி ஃபைல்களும் சுருக்கப்படாதவை, நன்றாகக் குறையும். ஆனால் அதே கேமில் ரேடியோ பாட்டுகள் இருக்கும் ஸ்ட்ரீம்ஸ் ஃபோல்டர் ஆக் முறையில் இருப்பதால் அசையாது.

டெக்ஸ்சர்கள், அதாவது பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்கள், பெரும்பாலும் டிடிஎஸ் வகையில் இருக்கும். கிராபிக்ஸ் கார்டு நேரடியாகப் படிப்பதற்காக இவை ஒரு நிலையான விகிதத்தில் மட்டும் சுருக்கப்பட்டவை. அதற்குமேல் இன்னொரு சுருக்கத்துக்கு நிறைய இடம் மிச்சம் இருக்கும். பிஎம்பி, டிஜிஏ வகைப் படங்கள் இன்னும் நன்றாகக் குறையும். வேவ் வகை ஒலியில் மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சுருக்கப்படாததுதான், ஆனாலும் ஒலி அலைகளைப் பொதுவான சுருக்க முறைகள் சிறிதளவே குறைக்கும். டைட்டன்ஃபாலின் 35 ஜிபியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை போதும். கேமில் 500 எம்பி முதல் 2 ஜிபி வரை உள்ள ஒரு ஃபைலை டெஸ்க்டாப்பில் நகலெடுத்து 7-ஜிப் கொண்டு சாதாரண ஜிப்பாக மாற்றுங்கள். 5 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் அந்த கேமை விட்டுவிடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வேலை செய்யத் தகுதியான கேம்.

சுருக்குவதற்கு முன் வெட்ட வேண்டியவை

வேண்டாததைச் சுருக்கி வைப்பதைவிட நீக்குவது மேல். இதில்தான் பல நேரம் பெரிய தொகை கிடைக்கும்.

ஃபால்அவுட் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் இலவசமாக வந்த உயர்தர டெக்ஸ்சர் தொகுப்பு மட்டும் சுமார் 58 ஜிபி. 8 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1080 கார்டை மனதில் வைத்து வெளியிட்டது அது. 2 அல்லது 4 ஜிபி கார்டில் அதை வைத்திருந்தால் இடமும் போகும், கேமும் தடுக்கித் தடுக்கித்தான் ஓடும். ஸ்டீமில் கேமின் பிராப்பர்டீஸில் டிஎல்சி (கூடுதல் உள்ளடக்கம்) பகுதிக்குப் போய் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள், ஸ்டீமே நீக்கிவிடும். இந்த ஒரே டிக், எந்தச் சுருக்கும் கருவியாலும் தர முடியாத பலனைத் தரும். ஷேடோ ஆஃப் மோர்டோர் போன்ற வேறு சில கேம்களிலும் இப்படித் தனியாக நீக்கக்கூடிய உயர்தரத் தொகுப்புகள் உண்டு. டிஎல்சி பட்டியலை ஒவ்வொரு கேமுக்கும் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மொழி. ஸ்டீமில் கேமின் பிராப்பர்டீஸில் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம், ஜிஓஜி கடையின் கேலக்ஸி செயலியிலும் நிறுவல் அமைப்பில் மொழி உண்டு. மொழிவாரியாகப் பிரித்து வெளியிட்ட கேமாக இருந்தால் வேண்டாதவை தானாகப் போய்விடும். எல்லா மொழிக் குரலும் ஒரே மூட்டையாக வரும் கேம்களில் கையால்தான் நீக்க வேண்டும். ஃபைலின் பெயரிலோ ஃபோல்டரின் பெயரிலோ மொழியின் சுருக்கெழுத்து இருக்கும். உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் அந்த ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, கேமைத் திறந்து, சேவ் ஃபைல் ஒன்றை லோடு செய்து, ஒரு உரையாடலைக் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் அழியுங்கள். சப்டைட்டில் எழுத்து ஃபைல்களைத் தொட வேண்டாம். அவை சில எம்பிதான், ஆனால் சில கேம்கள் தொடங்கும்போதே எல்லா மொழி ஃபைல்களும் இருக்கின்றனவா என்று தேடும்.

காமன்ரீடிஸ்ட் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் பல கேம்களுக்குள் கிடக்கும். டைரக்ட்எக்ஸ், விஷுவல் சி++ போன்றவற்றின் நிறுவல் ஃபைல்கள் அவை. கேம் ஒரு முறை சரியாக ஓடிவிட்டது என்றால் அவற்றின் வேலை முடிந்தது. அழிக்கலாம், ஆனால் சில நூறு எம்பிக்கு மேல் கிடைக்காது. ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வொர்க்‌ஷாப் ஃபோல்டரையும் பாருங்கள். எப்போதோ சந்தா எடுத்துவிட்டு மறந்துபோன மோட்கள் (ரசிகர்கள் செய்த கேம் மாற்றங்கள்) அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றை ஃபோல்டரில் அழிப்பதைவிட, வொர்க்‌ஷாப் பக்கத்தில் சந்தாவை ரத்து செய்வதே சரி. இல்லையென்றால் ஸ்டீம் மறுபடி இறக்கிவிடும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கையால் அழித்த எதையும், ஃபைல்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் ஸ்டீமின் வெரிஃபை பொத்தான் குறை என்று எண்ணித் திரும்ப இறக்கிவிடும். ஆகவே வெரிஃபை செய்ய வேண்டியிருந்தால் வெட்டுவதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.

ஹெல்டைவர்ஸ் 2-ல் நடந்ததுபோல இரட்டைத் தகவலை நாமே நீக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. நகல்கள் பெரிய பொதி ஃபைல்களுக்குள் புதைந்திருக்கும், எது எங்கே என்ற அட்டவணை கேமிடம் இருக்கும். அது உருவாக்கியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

விண்டோஸில் இருக்கும் இரண்டு சுருக்கங்கள்

இங்கேதான் பலர் தவறான வழியில் போகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு அழுத்தினால் இடத்தைச் சேமிக்கச் சுருக்கு என்ற ஒரு டிக் பெட்டி வரும். இது விண்டோஸ் என்டி காலத்தின் பழைய முறை, பெயர் எல்இசட்என்டி1. தகவலைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சுருக்குவதால் சேமிப்பு குறைவு. ஃபைல்களை டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறடிக்கும், ஹார்ட் டிஸ்க்கில் இது லோடிங்கையே மெதுவாக்கிவிடும். டிரைவின் கிளஸ்டர் (இடத்தை ஒதுக்கும் மிகச் சிறிய அலகு) அளவு 4 கேபிக்கு மேல் இருந்தால் வேலையே செய்யாது. கேம்களுக்கு இந்த டிக் பெட்டி வேண்டாம். முன்பே போட்டிருந்தால் எடுத்துவிட்டு, ஃபைல்கள் முழுதாக விரிந்த பிறகு அடுத்த முறைக்குப் போங்கள்.

2015-ல் விண்டோஸ் 10-உடன் வந்த இரண்டாவது முறைதான் நமக்கு வேண்டியது. சிறிய டேப்லெட்களில் விண்டோஸையே சுருக்கி வைப்பதற்காகச் செய்தது இது. ஃபைல் முழுவதையும் ஒரே மூச்சில் சுருக்கி எழுதிவிடும், படிக்கும்போது நினைவகத்தில் மட்டும் விரிக்கும். கேமுக்கு எதுவும் தெரியாது. அதே ஃபைல், அதே அளவு, அதே உள்ளடக்கம் என்றே நினைக்கும். ஆகவே வெரிஃபை செய்தாலும் குறை வராது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. சுருக்கிய ஃபைலில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் முழு ஃபைலும் பழைய அளவுக்கு விரிந்துவிடும். படிப்பது மட்டுமே நடக்கும் இடத்துக்காகவே வடிவமைத்த முறை இது. அப்டேட் நின்றுபோன பழைய கேம்களுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. வாரம் ஒரு பேட்ச் வரும் ஆன்லைன் கேமுக்கு இது வீண் வேலை.

நான்கு அளவுகளில் எதைத் தேர்வது?

எக்ஸ்பிரஸ் 4கே, எக்ஸ்பிரஸ் 8கே, எக்ஸ்பிரஸ் 16கே, எல்இசட்எக்ஸ் என்று நான்கு உண்டு. முதலாவது மிக வேகம், சேமிப்பு குறைவு. கடைசியில் இருப்பது சேமிப்பு அதிகம், சிபியு வேலையும் அதிகம். பெயரில் இருக்கும் எண், ஒரு தடவையில் சுருக்கும் துண்டின் அளவு. எல்இசட்எக்ஸின் துண்டு 32 கேபி. துண்டு பெரிதானால் சுருக்கம் நன்றாக வரும். ஆனால் கேமுக்கு 4 கேபி மட்டும் தேவைப்பட்டாலும் துண்டு முழுவதையும் விரித்தாக வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் கேமுக்கு எக்ஸ்பிரஸ் 16கே. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் வரிசையாகப் படித்தால் நொடிக்கு சுமார் 100 எம்பி தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஜிபி படிக்க அரை நிமிடம். அதே தகவல் 2 ஜிபியாகக் குறைந்திருந்தால் 20 நொடி. விரிக்கும் வேலையை இன்றைய சிபியு டிஸ்க்கைவிட வேகமாகச் செய்துவிடும், அதனால்தான் லோடிங் குறைகிறது. வேகம் கூடுவது பெரும்பாலும் இங்கேதான்.

சாட்டா எஸ்எஸ்டியில் வேகம் ஏறவும் செய்யாது, பெரிதாக இறங்கவும் செய்யாது. அங்கே இலக்கு இடம்தான். நான்கு கோருக்கு மேல் இருந்தால் எல்இசட்எக்ஸ் போடலாம். பழைய இரண்டு கோர் சிபியுவாக இருந்தால் எக்ஸ்பிரஸ் 8கே அல்லது 16கேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திறந்தவெளி கேம்கள் ஓட ஓடத் தகவலைப் படிப்பவை, எல்இசட்எக்ஸ் அங்கே இடையிடையே தடுக்கலை உண்டாக்கும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் திறக்கும் கேமுக்குத் தயங்காமல் எல்இசட்எக்ஸ்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். சுருக்குவதால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) உயராது. எஃப்பிஎஸ் உயர வேண்டுமென்றால் டெக்ஸ்சரைக் குறைக்க வேண்டும், அது தனி வேலை, கீழே வருகிறது.

சுருக்கும் வேலை, படிப்படியாக

இதற்கு எளிய கருவி காம்பேக்ட்ஜியூஐ. இலவசம், திறமூலம், கிட்ஹப்பில் கிடைக்கும். விண்டோஸின் சொந்த வசதியைத்தான் இது இயக்குகிறது, ஆகவே வேலை முடிந்த பிறகு கருவியை நீக்கிவிட்டாலும் கேம் ஓடும்.

1. கேமை ஒரு முறை முழுதாக அப்டேட் செய்து, திறந்து, மூடுங்கள். ஸ்டீமில் அந்த கேமின் அப்டேட் அமைப்பை, கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று மாற்றுங்கள்.

2. சேவ் ஃபைல்களைத் தனியாக நகலெடுங்கள். ஸ்கைரிம் போன்றவை டாக்குமென்ட்ஸில் இருக்கும் மை கேம்ஸ் ஃபோல்டரில் வைக்கும். போர்ட்டல் 2 போன்ற சோர்ஸ் எஞ்சின் கேம்கள் கேமின் ஃபோல்டருக்குள்ளேயே சேவ் என்ற பெயரில் வைக்கும்.

3. டிஸ்க்கில், கேமின் மிகப் பெரிய ஃபைல் அளவுக்காவது காலி இடம் இருக்க வேண்டும். இடமே இல்லாத டிஸ்க்காக இருந்தால் சிறிய கேமிலிருந்து தொடங்குங்கள், முதல் கேமில் மீளும் இடம் அடுத்ததற்குத் துணையாகும்.

4. ஸ்டீமை முழுவதுமாக மூடுங்கள். திறந்திருக்கும் ஃபைலைச் சுருக்க முடியாது.

5. காம்பேக்ட்ஜியூஐயைத் திறந்து கேமின் ஃபோல்டரை அதனுள் இழுத்துப் போடுங்கள். பிறர் அதே கேமில் பெற்ற அளவுகள் அதன் தரவுத்தளத்தில் இருந்தால் உங்களுக்கும் காட்டும். அந்தக் கணிப்பு 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

6. நான்கு அளவுகளில் ஒன்றைத் தேர்ந்து, சுருங்காத ஃபைல் வகைகளைத் தவிர்க்கும் வசதியை இயக்கிவிட்டுத் தொடங்குங்கள். எல்இசட்எக்ஸ் நிறைய நேரம் எடுக்கும், சிபியு சூடாகும். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்துச் செய்ய வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் முடிந்த ஃபைல்கள் சுருங்கியும் மற்றவை பழையபடியும் இருக்கும். மறுபடி தொடங்கினால் மீதியைச் செய்யும், ஆனால் அதற்கு முன் ஒரு வெரிஃபை ஓட்டிவிடுவது நல்லது.

கருவி எதுவும் இல்லாமல் செய்ய விரும்புகிறவர்களுக்கு விண்டோஸின் காம்பேக்ட் கட்டளை உண்டு. கேம் ஃபோல்டரின் முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் அழுத்தினால் கட்டளைத் திரை அந்த இடத்திலேயே திறக்கும். எல்லாவற்றையும் ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும். காம்பேக்ட் என்ற சொல்லை எழுதி, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்கோடு போட்டு இவற்றைச் சேருங்கள்: சுருக்கு என்பதற்கு சி, உள் ஃபோல்டர்களும் என்பதற்கு எஸ், மறைந்த ஃபைல்களும் என்பதற்கு ஏ, பிழை வந்தாலும் நிற்காதே என்பதற்கு ஐ. கடைசியாக இன்னொரு சாய்கோடு, எக்ஸி (இ, எக்ஸ், இ) என்ற மூன்றெழுத்து, முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் அளவின் பெயர் (எக்ஸ்பிரஸ் என்றால் எக்ஸ் எழுத்தில் தொடங்கும், முன்னால் இ வராது). எக்ஸி என்ற பகுதி மிக முக்கியம். அதை விட்டுவிட்டால் விண்டோஸ் பழைய எல்இசட்என்டி1 முறையில் சுருக்கிவிடும். முக்காற்புள்ளிக்குப் பின் அளவின் பெயரைத் தராவிட்டால் எக்ஸ்பிரஸ் 4கே என்று எடுத்துக்கொள்ளும். முடிவில் எத்தனை ஃபைல் சுருங்கியது, என்ன விகிதம் என்று அதுவே எழுதிக் காட்டும்.

இந்தக் கட்டளையை விண்டோஸ் ஃபோல்டரிலோ சி டிரைவ் முழுவதிலுமோ ஓட்ட வேண்டாம். கேம் ஃபோல்டருக்குள் நின்றுதான் ஓட்டுகிறோமா என்று திரையில் இருக்கும் முகவரியை ஒரு முறை படித்துவிட்டு என்டர் அழுத்துங்கள்.

அளப்பதும் கவனிப்பதும்

ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் சைஸ், சைஸ் ஆன் டிஸ்க் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் மாறாது, மாறவும் கூடாது. இரண்டாவதுதான் உண்மையில் டிஸ்க்கில் பிடித்த இடம். பழைய முறையில் சுருக்கினால் ஐகானின் மூலையில் இரண்டு நீல அம்புகள் தெரியும். புதிய முறையில் அந்த அடையாளம் வராது, ஆகவே அம்பு இல்லை என்று குழம்ப வேண்டாம்.

அதன்பின் கேமைத் திறந்து பத்து நிமிடம் விளையாடிப் பாருங்கள். ஒரே சேவ் ஃபைலை லோடு செய்ய முன்பு எடுத்த நேரத்தையும் இப்போது எடுக்கும் நேரத்தையும் ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டு முறையும் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு அளக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் நினைவகத்தில் வைத்திருக்கும் நகலிலிருந்து படித்துவிடும், அளவு பொய்யாகும்.

மோட் போட்டவர்களுக்கு: ஸ்கைரிமின் சொந்த பிஎஸ்ஏ பொதிகள் பெரும்பாலும் உள்ளுக்குள் சுருக்கப்பட்டவைதான், அவற்றில் லாபம் குறைவு. மோட்களாக வரும் உதிரி டிடிஎஸ் ஃபைல்கள்தான் சுருங்கும். மோட்களை நிர்வகிக்கும் மோட் ஆர்கனைசர் 2 பயன்படுத்தினால் கேமின் ஃபோல்டரை விட்டுவிட்டு, அதன் மோட்ஸ் ஃபோல்டரைச் சுருக்குங்கள். அங்கே பத்து ஜிபிக்கணக்கில் மீளும்.

டெக்ஸ்சரைக் குறைப்பது: வேகம் உண்மையில் எங்கே கிடைக்கும்

4096-க்கு 4096 அளவுள்ள ஒரு டிஎக்ஸ்டி5 வகை டெக்ஸ்சர் 16 எம்பி. தொலைவில் காட்டுவதற்கான சிறு நகல்களான மிப்மேப்களையும் சேர்த்தால் சுமார் 21 எம்பி. அதையே 2048 ஆக்கினால் மொத்தமே 5.3 எம்பி. பக்கம் பாதியானால் அளவு கால் பங்காகும். இது டிஸ்க்கில் மட்டுமல்ல, கிராபிக்ஸ் நினைவகத்திலும் கால் பங்காகும். மேலே சொன்ன விண்டோஸ் சுருக்கம் டிஸ்க்கைத் தாண்டி எதையும் குறைக்காது என்பதால், 2 ஜிபி கார்டில் தடுக்கும் கேமுக்கு மருந்து இதுதான்.

முதலில் கேமின் செட்டிங்கில் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். ஸ்கைரிமில் மீடியம் வைத்தால் மிகப் பெரிய மிப்மேப்பைத் தவிர்த்துவிட்டு அடுத்ததைத்தான் ஏற்றும், அதாவது அதே கால் பங்கு. தடுக்கல் நின்றுவிட்டதா? அப்படியானால் ஃபைல்களையே குறைத்தால் டிஸ்க் இடமும் சேர்ந்து கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது. நிற்கவில்லை என்றால் சிக்கல் டெக்ஸ்சரில் இல்லை, இந்த வேலையில் இறங்குவதே வீண்.

ஸ்கைரிம், ஃபால்அவுட் 4 கேம்களுக்கு கதீட்ரல் அசெட்ஸ் ஆப்டிமைசர் என்ற கருவி உண்டு. மோட் ஃபோல்டரின் நகல் ஒன்றில் மட்டும் இதை ஓட்டுங்கள், மூலத்தில் வேண்டாம். குறைத்த தரம் திரும்ப வராது. அதிகபட்ச அளவு 2048 என்று வைத்து மிப்மேப்களை உருவாக்கும் வசதியை இயக்குங்கள். மிப்மேப் இல்லாமல் விட்டால் தொலைவில் இருக்கும் தரையும் கூரையும் மினுமினுக்கும். மெனு, வரைபடம், எழுத்துரு ஆகியவற்றின் படங்களைக் குறைக்காதீர்கள். அவை திரையில் நேருக்கு நேர் தெரிபவை, உடனே மங்கும்.

வகை விஷயத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பிசி7 என்ற டெக்ஸ்சர் வகை டைரக்ட்எக்ஸ் 11-உடன் வந்தது. 2011-ன் மூல ஸ்கைரிம் டைரக்ட்எக்ஸ் 9 கேம், அதற்கு பிசி7 புரியாது. பின்னால் வந்த புதுப்பித்த ஸ்பெஷல் எடிஷனுக்கென்று செய்த மோட்களை அதில் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் பலர். மூல ஸ்கைரிமுக்கு டிஎக்ஸ்டி1, டிஎக்ஸ்டி5 மட்டுமே. அது 32 பிட் கேமும்கூட, 4 ஜிபிக்கு மேல் நினைவகம் எடுக்கவே முடியாது. மோட் நிறையப் போட்டபின் அடிக்கடி மூடிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம், டெக்ஸ்சரைக் குறைத்தால் அதுவும் குறையும்.

எங்கே தவறும், ஏன் தவறும்

சில நாள் கழித்துப் பார்த்தால் கேம் பழைய அளவுக்கே வந்திருக்கும். அப்டேட் தொட்ட ஃபைல்கள் விரிந்துவிட்டன என்று பொருள். ஒற்றைப் பெரிய பொதியாக இருக்கும் கேமில் சின்னப் பேட்ச்கூட முழுப் பொதியையும் விரிக்கும். மறுபடி சுருக்குங்கள், காம்பேக்ட்ஜியூஐயில் ஃபோல்டரைக் கண்காணிக்கும் வசதியும் உண்டு. இதனால்தான் டிஸ்க்கைக் கடைசி ஜிபிவரை நிரப்பக் கூடாது. ஒரு அப்டேட் வந்து 20 ஜிபி ஃபைல் ஒன்று விரிந்தால் அதற்கு இடம் வேண்டும்.

வேறு டிரைவுக்கு நகர்த்தினாலும் சுருக்கம் போய்விடும். ஸ்டீம் நகர்த்தும்போது படித்து எழுதுகிறது, எழுதுவது விரிந்த ஃபைலை. சேருமிடத்தில் முழு அளவுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே போனபின் மறுபடி சுருக்குங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்து, ஒரே டிரைவிலிருந்து இரண்டிலும் விளையாடுகிறவர்கள் இந்த முறையைத் தவிர்ப்பது நல்லது. லினக்ஸில் பலர் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற டிரைவர், தனிச் செருகு நிரல் இல்லாமல் இந்தச் சுருக்கத்தைப் படிக்காது. ஃபைல் இருப்பதாகத் தெரியும், திறந்தால் பிழை வரும்.

டைரக்ட்ஸ்டோரேஜ் பயன்படுத்தும் புதிய கேம்களைச் சுருக்க வேண்டாம். டிஸ்க்கிலிருந்து நேராகப் படிக்கும் குறுக்கு வழியை நம்பி எழுதியவை அவை, சுருக்கிய ஃபைலில் அந்த வழி அடைபட்டுவிடும். பழைய கேம் ஒன்றின் புதுப்பித்த பதிப்பை வைத்திருந்தாலும் இதைச் சரிபாருங்கள்.

திரும்பப் பெறுவது

காம்பேக்ட்ஜியூஐயில் விரிப்பதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறது. கட்டளை வழியாக என்றால் முன்பு சொன்னதே, சி இருந்த இடத்தில் யூ. எக்ஸி என்ற பகுதியை இங்கேயும் சேர்க்க வேண்டும், அளவின் பெயர் மட்டும் தேவையில்லை. எக்ஸியை விட்டுவிட்டு ஓட்டினால் பழைய முறையில் சுருக்கியவற்றை மட்டும் தேடும், நம் ஃபைல்கள் அப்படியே கிடக்கும். பலர் விரிக்க முடியவில்லை என்று சொல்வது இதனால்தான். தொடங்கும் முன், பிராப்பர்டீஸில் காட்டும் சைஸ், சைஸ் ஆன் டிஸ்க் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அவ்வளவு காலி இடம் டிரைவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.